‘நியாயம் பேசுவோம்’ என்று நோட்டீஸ் ஒட்டியபோது

தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். பேரூராட்சி அளவில் ஒரு ஊர். மாதம் ஒருமுறை தத்துவம், அறம் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்ட ஆசை. “ஆள் வருவார்களா, எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சுலபம்: ஆள் வருவார்கள், புத்தகம் வேண்டாம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், “எங்கள் ஊரில் இரண்டு பேர் பேசினாலே சண்டையில்தான் முடியும்” என்று. நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவேண்டிய ஊரில், எது சரி எது தப்பு என்று வாய்விட்டுப் பேசிவிட்டு, மறுநாள் காலையில் அதே டீக்கடையில் நிற்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லாக் கேள்வியையும் வைத்துக்கொண்டு அல்ல.

நான் அரசுக் கல்லூரியில் இருபத்தாறு வருடம் தத்துவம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு, 2014-இல், தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தோம். கொரோனாவில் ஒன்றரை வருடம் நின்றது. மற்றபடி மாதாமாதம் நடக்கிறது. இனி நான் சொல்வதெல்லாம் அந்த ஒரே ஊரின் அனுபவம். டெல்டாவில், விவசாயமும் சின்ன வியாபாரமும் உள்ள ஊரில் கற்றது. சென்னை அபார்ட்மெண்ட்டில் நடத்துகிறவர்களுக்கு இதில் பாதி உதவாது.

முதல் நோட்டீஸில் ‘தத்துவ உரையாடல்’ என்று போடவேண்டாம் என்று நூலகர் சொன்னார். தத்துவம் என்றால் ஆன்மிகச் சொற்பொழிவு என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் “பெரிய தத்துவம் பேசுறான்” என்று கிண்டலடிப்பார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால் நான் ‘நியாயம் பேசுவோம் – ஞாயிறு மாலை 5 மணி’ என்று எழுதி, டீக்கடையிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்து வயல்காரர் வரப்பை ஒன்றரை அடி நகர்த்திவிட்டாராம். எங்கள் பக்கம் ‘நியாயம் பேசுவது’ என்றால் பஞ்சாயத்து பேசுவது. இருபத்தாறு வருடம் சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பாடம் நடத்திய ஆளுக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். அடுத்த மாதம் ‘ஒரு கேள்வி, ஒன்றரை மணி நேரம்’ என்று மாற்றினோம். இன்றுவரை அதுதான் பெயர்.

இப்படி ஊருக்குள் உட்கார்ந்து பேசுவது புதிதல்ல. பாரிஸில் மார்க் சோதே என்ற தத்துவப் பேராசிரியர் 1992-இல் பாஸ்டீல் சதுக்கத்துக் காபிக்கடை ஒன்றில் ஞாயிறு காலைகளில் இதை ஆரம்பித்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி சொல்ல, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மணிமேகலையின் முதல் காதையில், புகாரில் இந்திர விழாவை அறிவிக்க முரசறைகிறவன், தெருவில் மணல் பரப்புங்கள், தோரணம் கட்டுங்கள் என்று சொல்லும் பட்டியலோடு இதையும் சேர்த்துச் சொல்கிறான்: “ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்.” வாதம் செய்கிறவர்கள் பட்டிமண்டபத்தின் முறை தெரிந்து ஏறுங்கள் என்கிறான். அடுத்த வரிதான் நமக்கு வேண்டியது: “பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்.” பிடிக்காத ஆளே எதிரில் இருந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள். சண்டை வரும் என்று தெரிந்துதான் இதை முரசடித்துச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர் மட்டும் விதிவிலக்கில்லை.

இன்றைய பட்டிமன்றத்தை மட்டும் மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும், பொங்கலன்று டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அங்கே பேச்சாளர் எந்தப் பக்கம் என்பது மேடை ஏறுமுன்பே முடிவாகிவிடுகிறது. நடுவில் மனம் மாறினால் நிகழ்ச்சியே கெட்டுவிடும். நமக்கு வேண்டியது நடுவில் மனம் மாறுகிற வாய்ப்புதான். அப்புறம், நடுவர் வேண்டாம். நடுவர் இருந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள்.

முறை என்று ஒன்று வேண்டுமென்றால், லெயோனார்ட் நெல்சன் என்ற ஜெர்மானியர் 1922-இல் கோட்டிங்கனில் ஆற்றிய உரையில் சொன்ன சாக்ரடிஸ் முறையும், பிறகு குஸ்டாவ் ஹெக்மன் அதைக் குழுக்களுக்கு ஏற்ப மாற்றியமைத்த விதமும் போதும். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: வந்தவர்களில் ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பேச்சு அதிலிருந்துதான் கிளம்பவேண்டும். நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். பேச்சு தடம் புரண்டால், விஷயத்தை நிறுத்தி, நாம் பேசுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசலாம். இதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் ஆறு மாதம் யாராவது ஒரு நல்ல வரி சொன்னதும், “இதைத்தான் கான்ட் என்ன சொல்கிறார் என்றால்” என்று அந்த ஜெர்மன் தத்துவவாதியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவேன். கூட்டம் உடனே வகுப்பறையாகிவிடும், கை கட்டிக்கொண்டு கேட்பார்கள். நீங்கள் இப்போதுதான் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இந்த நோய் என்னைவிட அதிகமாகவே இருக்கும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறேன், இரண்டையும் சொல்கிறேன்.

ஒருமுறை, வாய்க்கால் புறம்போக்கில் வீடு கட்டியவர்களைக் காலி செய்வது சரியா என்ற கேள்வியை எடுத்தேன். நல்ல கேள்விதான். வெள்ளம் வந்தால் ஊரே முழுகும், இடித்தால் நாலு குடும்பம் தெருவுக்கு வரும். ஆனால் அந்த வாரம்தான் எங்கள் ஊரில் மூன்று வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வீட்டுக்காரரின் மைத்துனர் கூட்டத்தில் இருந்தார், அது எனக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் “உன் வீடு எந்தப் புறம்போக்கில் இருக்கு, சொல்லவா?” என்று ஆரம்பித்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள், ஒருவர் அப்புறம் வரவே இல்லை. அதைவிடக் கெட்டது, யாரோ செல்போனில் எடுத்த ஒரு நிமிடத் துண்டு வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. அன்றிலிருந்து கூட்டத்தில் படம், ஒலி எதுவும் எடுக்கக்கூடாது. விதி என்று நாங்கள் வைத்திருப்பதில் கறாரானது இது ஒன்றுதான்.

மறுபக்கம் தவறியது டிராலிக் கதையில். பிலிப்பா ஃபுட் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய உதாரணம் அது, உங்களுக்குத் தெரியும்: நிறுத்த முடியாமல் ஒரு டிராலி வண்டி வருகிறது, தண்டவாளத்தில் ஐந்து பேர், பக்கத்துத் தடத்தில் ஒருவர், ஐந்து பேரைக் காப்பாற்ற வண்டியை அந்த ஒருவர் பக்கம் திருப்பலாமா? கரும்பலகையில் தண்டவாளமெல்லாம் வரைந்துவிட்டேன். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அஞ்சு பேர் லைன்ல வேலை செய்யறப்ப சிவப்புக் கொடி நட்டாங்களா இல்லியா, சார்?” என்றார். இல்லை, அது கணக்கில் வராது என்றேன். “கொடி நடாம ஆளை இறக்கினவனைக் கேட்காம, கடைசியில நிக்கிறவன்கிட்ட ஏன் கேட்கறீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பேச்சு அதோடு படுத்துவிட்டது. எனக்கு மட்டும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது அந்த உதாரணத்தின் மேலுள்ள சரியான விமர்சனம்: தர்மசங்கடம் என்று நாம் எடுத்துவைப்பது பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே செய்த தப்பின் கடைசி நொடி. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போயிருக்கலாம். நான்தான் என் பாடத்திட்டத்துக்குள் நின்றுவிட்டேன்.

ஆக, கேள்வி ஊருக்குள் இன்று எரிந்துகொண்டிருப்பதாகவும் இருக்கக்கூடாது, யாருக்கும் சம்பந்தமில்லாததாகவும் இருக்கக்கூடாது. ஓரடி தள்ளி நிற்கவேண்டும். அதற்கு நம் கதைகளைப்போல வசதியானது வேறில்லை. மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் திருவாரூர் பக்கம்தான். அங்கே அதைக் கல்லில் தேராகவே செய்து வைத்திருக்கிறார்கள். கன்று தேர்க்காலில் செத்தது, பசு மணியடித்தது, ராஜா தன் மகன்மேல் தேரை ஏற்றினான். குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. அது நீதியா, தெரியாமல் நடந்த விபத்துக்குக் கொலைத் தண்டனையா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காத ஒரு பையன், பாலிடெக்னிக் படிப்பவன், “அந்த மந்திரி?” என்றான். பெரியபுராணத்தில், மகன்மேல் தேரை ஏற்று என்று ராஜா முதலில் ஒரு மந்திரியைத்தான் ஏவுகிறான். அவனுக்கு மனம் வரவில்லை, தன் உயிரை விட்டுவிடுகிறான். அதற்கப்புறம்தான் ராஜாவே தேரை ஓட்டுகிறான். சேக்கிழார் கடைசியில் கன்று, மகனோடு மந்திரியையும் எழுப்பிவிடுகிறார். நாம் மறந்துவிட்டோம். மேலிடம் சொல்கிறது, மனசாட்சி மறுக்கிறது, வேலையை விட முடியாது. கூட்டத்தில் ஒரு ஓய்வு பெற்ற ஏட்டு இருந்தார், வங்கியில் ஜப்தி நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்த ஒருவர் இருந்தார். ராஜாவை விட்டுவிட்டு அன்று முழுக்க மந்திரியைப் பற்றித்தான் பேச்சு. இருட்டின பிறகும் வாசலில் நின்று பேசினார்கள்.

திருக்குறளும் அப்படித்தான், அதைப் பாராட்டுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால். “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்ற 292-ஆம் குறளை ஒரு மாதம் எடுத்தோம். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கத்தக்கது. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, தன் மாமியாருக்குப் புற்றுநோய் இருந்ததைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை என்றார். வயிற்றுப்புண் என்று சொல்லியே ஏழு மாதம் வைத்தியம் பார்த்தார்களாம். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள், அந்தப் பொய் சரிதான் என்றார். யாரும் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டு, “நன்மை யாருக்கு?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த அம்மாவே சொன்னார்: “சாகறதுக்குப் பத்து நாள் முன்னால, தங்கச்சியைக் கூப்பிடு, தோட்டை அவகிட்ட கொடுக்கணும்னாங்க. எல்லாம் சரியாயிடும், அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன். பொய்யைக் காப்பாத்தணுமே. தோடு இன்னும் என் பீரோவுலதான் இருக்கு.” அதற்கப்புறம் ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லை யாரும் சாதாரணமாகக் கடந்துபோகவில்லை. குற்றமில்லை என்று யார் பார்த்துச் சொல்வது? பொய் சொன்னவரேவா? கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று கான்ட் 1797-இல் எழுதியதை அன்று கடைசியில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மா மட்டும், “அவர் எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு இன்னிக்குப் புரியுது” என்றார்.

பெண்கள் வருவது பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஞாயிறு மாலை ஐந்து மணி என்று வைத்தால் ஆண்கள்தான் வருவார்கள். அந்தத் தையல்கடை அம்மாவைப்போல ஓரிருவர் விதிவிலக்கு. இரண்டு வருடம் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது, அவர்களை இங்கே கூப்பிடுவதற்குப் பதில் நாம் அங்கே போகலாமே என்று. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் முடிந்ததும் முக்கால் மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டோம். நான் தயாரித்துக்கொண்டு போன கேள்வி அங்கே தேவைப்படவே இல்லை. ஒரு உறுப்பினரால் கடன் தவணை கட்ட முடியவில்லை. கணவர் விபத்தில் படுத்திருக்கிறார். மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டுமா? போன வருடம் இன்னொருத்தி கட்டாமல் ஏமாற்றியபோது கட்டினோமே, அப்படியென்றால் இவளுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? முடியாதவருக்கும் மனமில்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஒரு செமஸ்டர் நடத்தியதை அரைமணி நேரத்தில் தாண்டிவிட்டார்கள். நான் செய்தது ஒன்றுதான். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லுமுன், “அவங்க சொன்னது என்ன?” என்று நிறுத்திக் கேட்டேன்.

சாதி. இதைத் தாண்டி எழுதினால் பொய் எழுதியதாகும். கூட்டத்தில் எல்லோருக்கும் நாற்காலி, வட்டமாக, எல்லோருக்கும் ‘நீங்க’ என்று முதல் மாதமே முடிவு செய்தோம். கேட்கச் சின்ன விஷயம். வயதில் பெரியவர் ஒருவருக்கு, காலனித் தெருவிலிருந்து வரும் இளைஞரை ‘நீங்க’ என்று கூப்பிட வாய் வரவில்லை. ‘நீ’ என்றும் சொல்லவில்லை, விதி இருக்கிறதே. மூன்று மாதம் அவர் அந்த இளைஞரிடம் முன்னிலையே இல்லாத தமிழில் பேசினார்: “இப்ப சொன்னதுல ஒரு சந்தேகம்”, “அந்த அபிப்பிராயத்துக்குக் காரணம் என்னவோ.” தமிழ் இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாலாவது மாதம் வாக்குவாதச் சூட்டில் “நீங்க சொல்றது எப்படிங்க சரி?” என்று வந்துவிட்டது, அவரே கவனிக்கவில்லை. இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே அவர்கள் இருவரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாதியை நேரடிக் கேள்வியாக எடுக்கும் தைரியம் எங்களுக்கு ஐந்தாவது வருடம்தான் வந்தது. அப்போதும் வேறு மாவட்டத்துச் செய்தி ஒன்றை வைத்துத்தான். அது கோழைத்தனமா, பக்குவமா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் இரண்டு கட்சி உண்டு.

இதனால் மனிதர்கள் நல்லவர்களாகிறார்களா என்று யாராவது கேட்பார்கள், குறிப்பாக அனுமதி கேட்கப் போகும் இடங்களில். கூட்டி எழுதாதீர்கள். அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் 1970-களில் ஆரம்பித்த ‘குழந்தைகளுக்கான தத்துவம்’ முறையை இங்கிலாந்துப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2015-இல் வந்த அறிக்கை, வாசிப்பிலும் கணக்கிலும் சிறிது முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. 2021-இல் வந்த, அதைவிடப் பெரிய சோதனையில் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் என் கையில் இருப்பது நான் பார்த்தது மட்டுமே. உறுதியாகச் சொல்லக்கூடியது, தொடர்ந்து வருகிறவர்கள் குறுக்கே பேசுவது குறைகிறது, “நான் போன மாசம் சொன்னது தப்பு” என்ற வாக்கியம் வருடத்துக்கு நாலைந்து தடவையாவது காதில் விழுகிறது. அவர்கள் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள், ஓட்டுக்குப் பணம் வாங்காமல் இருக்கிறார்களா என்பதற்கெல்லாம் நான் சாட்சி சொல்ல முடியாது. அதை ஒருமுறை கேள்வியாக எடுத்தபோது, வாங்கினேன் என்று மூன்று பேர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. இடத்துக்கு நூலகத்தின் வாசகர் வட்டத்தைப் பிடியுங்கள். கோயில் மண்டபமும் கட்சி ஆபீசும் வேண்டாம், பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். டீச்செலவுக்கு யாராவது ஒரு கடைக்காரர் ஸ்பான்சர் செய்கிறேன் என்பார், அன்போடு மறுத்துவிடுங்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக்கொள்வது நல்லது. எட்டிலிருந்து பதினைந்து பேர்வரை சரியாக இருக்கும். இருபதைத் தாண்டினால் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும், அன்றைக்கு இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள், நடுவில் நின்றாலும் சரி. பேச்சு வாசலில் தொடர்ந்தால் அதுதான் நல்ல கூட்டம். அடுத்த மாதக் கேள்வியை அன்றே வந்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் யோசித்துக் கொண்டுபோவதைவிட அது எப்போதும் நன்றாக இருக்கும்.

முதல் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தால் நாலு நாற்காலிதான் போடவேண்டும், காலி நாற்காலி வந்தவர்களைச் சங்கடப்படுத்தும். மந்திரி கதையில் ஆரம்பியுங்கள். ராஜாவைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்களாக மந்திரியை எடுத்துக்கொடுக்காதீர்கள். யாராவது கேட்பார்கள். அப்புறம், யாராவது மஞ்சள் பையோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எங்கள் பட்டாக்காரர் பத்து வருடமாக ஒரு கூட்டம் தவறவிடவில்லை. வரப்பு வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது.